சக்கரத்துக்குள் ஒரு சின்னக் குழாய்: துல்லியத்துக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்?

ஸ்கேட்போர்டு என்றதும் கோவளம், மாமல்லபுரம் கடற்கரைப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். ராஜபாளையத்துக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்கேட்போர்டு சக்கரத்திலும் இரண்டு பேரிங்குகள். இரண்டுக்கும் நடுவே ஆக்சிலில் கோத்த ஒரு சின்ன உலோகக் குழாய். அதன் பெயர் ஸ்பேசர். நீளம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர், உள்துளை 8 மில்லிமீட்டர். சும்மா அறுத்துப் போட்ட குழாயும் ஸ்பேசர் என்றுதான் விற்கிறது. மைக்ரான் கணக்கில் கடைந்து, அளந்து, டப்பாவில் அடுக்கியதும் அதே பெயரில் பல மடங்கு விலைக்கு விற்கிறது. இந்த விலை வித்தியாசத்துக்கு நியாயம் உண்டா? உண்டு, ஆனால் ஓர் எல்லை வரைதான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். துல்லியத்தைத் தனியாக ஒரு பொருளில் வாங்கிவிட முடியாது. பக்கத்தில் இருக்கும் பொருளோடு அது பொருந்தும் விதத்தில்தான் துல்லியத்துக்குப் பயன். நூற்பாலைகளால் வளர்ந்த ராஜபாளையத்துக்கு இது புதுப் பாடம் அல்ல.

முதலில், அந்தக் குழாய் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஸ்கேட்போர்டில் போடுவது 608 என்ற எண்ணுள்ள பேரிங்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். உள்வளையம் ஆக்சிலோடு நிற்கும், வெளிவளையம் சக்கரத்தோடு சுற்றும், நடுவில் குண்டுகள் உருளும். ஆக்சில் முனையில் நட்டை முடுக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் இரண்டு உள்வளையங்களின் மேல் விழுகிறது. நடுவில் ஸ்பேசர் இருந்தால் உள்வளையம், ஸ்பேசர், உள்வளையம் என்று ஒரே தூணாக நின்று அழுத்தத்தைத் தாங்கிவிடும். குண்டுகளுக்கு அது தெரியவே தெரியாது. ஸ்பேசர் இல்லையென்றால் உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நகர, அழுத்தம் குண்டுகளின் வழியாகப் பக்கவாட்டில் பாயும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் மூன்றரைக் கிலோ எடை தொங்கும் அளவுக்கு முடுக்கினால் முறுக்கு விசை சுமார் 5 நியூட்டன் மீட்டர். 8 மில்லிமீட்டர் ஆக்சிலில் அது ஏறத்தாழ 300 கிலோ எடைக்குச் சமமான நெருக்கலாக மாறும். 608 பேரிங் பக்கவாட்டில் தாங்கக்கூடியதோ சுமார் 70 கிலோதான். நைலான் வளையமுள்ள நைலாக் நட்டின் பிடிப்பில் ஒரு பகுதி விசை போய்விடும் என்று வைத்துக்கொண்டாலும், தாங்கும் அளவைத் தாண்டுவதற்குச் சாதாரணக் கைமுடுக்கே போதும்.

இதே ஏற்பாடு நம் ஊர் மோட்டார்சைக்கிள்களின் முன்சக்கரத்திலும் இருக்கிறது. ஹப்பின் இரண்டு பக்கமும் பேரிங், நடுவே நீளமான ஒரு குழாய். 12 மில்லிமீட்டர் ஆக்சில் நட்டை 50 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினால் நெருக்கல் இரண்டு டன்னைத் தொடும். அந்த அளவு ஆக்சிலுக்குப் போடும் 6301 பேரிங் பக்கவாட்டில் தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்குதான். மிச்சத்தையெல்லாம் அந்த நடுக்குழாய் வாங்கிக்கொள்கிறது. பேரிங் மாற்றும்போது பழைய குழாயைப் போட மறந்த வண்டியில் புதுப் பேரிங் சீக்கிரமே சத்தம் போட ஆரம்பிக்கும். பழி மட்டும் பேரிங் கம்பெனியின் மேல் விழும். ஆகவே ஸ்பேசர் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு இடமில்லை. எவ்வளவு துல்லியமானது வேண்டும் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. நீளத்தில் வரும் பிழை இரண்டு திசையிலும் ஒரே மாதிரி தீங்கு செய்வதில்லை. சக்கரத்துக்குள் இரண்டு பேரிங்குகளும் உட்காரும் படிகளுக்கு இடையே உள்ள தூரம் சரியாக 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பேசர் 9.8 மில்லிமீட்டர்தான் என்றால், நட்டை முடுக்கும்போது ஒவ்வோர் உள்வளையமும் 0.1 மில்லிமீட்டர் உள்ளே இழுபடும். 608 பேரிங்கின் குண்டுகளுக்கும் பாதைக்கும் நடுவே ஆரத்திசையில் விடும் இடைவெளி சாதாரணமாக 2 முதல் 13 மைக்ரான். பக்கவாட்டு ஆட்டம் அதைப்போல் பல மடங்கு இருக்கும் என்றாலும், 0.1 மில்லிமீட்டர் இழுவையில் அது தீர்ந்துபோய்விடும். அதற்கு மேல் குண்டுகள் நசுங்கத் தொடங்கும். ஸ்பேசர் 10.1 மில்லிமீட்டர் என்றாலோ, ஒரு பேரிங் படியில் முழுதாக உட்காராமல் சற்றே வெளியில் நிற்கும், அவ்வளவுதான். சக்கரம் மயிரிழை அளவு பக்கவாட்டில் ஆடும். உருள்வதில் குறை இருக்காது. மோட்டார்சைக்கிள் ஹப்பில் ஒரு பேரிங்கைப் படி வரை தட்டி இறக்கிவிட்டு, மற்றதை நடுக்குழாயைத் தொடும் வரை மட்டும் இறக்குவது இதனால்தான். நீளம் சற்றுக் கூடினால் மன்னிப்பு உண்டு, குறைந்தால் இல்லை. 'பிளஸ் மைனஸ்' என்று இரு பக்கமும் நெருக்கிய அளவுக்குக் காசு கொடுப்பதைவிட, 'ஒருபோதும் குறையாது' என்ற ஒருபக்க உறுதிக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

நீளத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. குழாயின் இரண்டு முகங்களும் அதன் அச்சுக்குச் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒரு முகம் சாய்ந்திருந்தால் உள்வளையமும் சாயும். இந்த வகைக் குண்டுப் பேரிங் பொறுத்துக்கொள்ளும் சாய்வு சில ஆர்க் நிமிடங்கள்தான், அதிகம் போனால் பத்து. 12 மில்லிமீட்டர் அகலமுள்ள முகத்தில் பத்து நிமிடச் சாய்வு என்பது ஒரு ஓரத்துக்கும் எதிர் ஓரத்துக்கும் வெறும் 0.035 மில்லிமீட்டர் வித்தியாசம். குழாயை அறுத்துவிட்டு அரம் போடாமல் விட்ட பிசிறு ஒன்று அந்த உயரத்துக்குச் சுலபமாக நிற்கும். வெர்னியரில் நீளம் 10.00 என்று காட்டினாலும், அந்த ஒரு பிசிறு போதும், பேரிங் பொறுத்துக்கொள்ளும் சாய்வு முழுவதையும் தின்றுவிட. விரல் நுனியால் விளிம்பைத் தடவினாலே இந்தக் குறை தெரிந்துவிடும். கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம்.

சரி, துல்லியம் ஏன் விலை ஏற்றுகிறது? அளவில் அனுமதிக்கும் பிழைக்குச் சர்வதேசத் தர வரிசை ஒன்று இருக்கிறது. 6 முதல் 10 மில்லிமீட்டர் வரையுள்ள அளவுக்கு அந்த வரிசையில் 11ஆம் தரம் 0.090, 9ஆம் தரம் 0.036, 7ஆம் தரம் 0.015, 6ஆம் தரம் 0.009 மில்லிமீட்டர் பிழையை அனுமதிக்கிறது. ஐந்து படி இறங்கினால் பிழை பத்தில் ஒன்றாகச் சுருங்கும். 11ஆம் தரத்தை ஒரு சாதாரண லேத் பட்டறையில் எட்டிவிடலாம்: கம்பியைச் சக்கில் பிடித்து, துளை போட்டு, ரீமர் விட்டு, முகம் கடைந்து, அறுத்து, திருப்பிப் பிடித்து மறுமுகம் கடைந்தால் முடிந்தது. 9ஆம் தரத்துக்கு நல்ல கைத்திறனும் மைக்ரோமீட்டரும் வேண்டும். அதற்குக் கீழே போனால் கிரைண்டிங், ஒவ்வொன்றாக அளப்பது, தேறாததைக் கழிப்பது என்று செலவு ஏறிக்கொண்டே போகும். உலோகத்தின் விலை இதில் ஒன்றுமே இல்லை. நாம் விலை கொடுப்பது நேரத்துக்கும், அளப்பதற்கும், கழித்துப் போட்டதற்கும். அந்த விலை கொடுத்து வாங்கிய குழாய், வார்ப்பில் ஊற்றி எடுத்த பாலியூரித்தேன் சக்கரத்துக்குள் போகிறது. சக்கரத்தின் படித்தூரமே அந்த அளவுக்கு நெருக்கமாக இல்லாதபோது, குழாயின் 9 மைக்ரான் யாருக்கும் உபயோகப்படாது. மொத்தப் பிழையை முடிவு செய்வது சேர்க்கையில் உள்ள மோசமான உறுப்புத்தான்.

ராஜபாளையம் மில்லில் இதற்கு நேர்மாறான நிலைமையைப் பார்க்கலாம். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியது முதல் இந்த ஊரின் பிழைப்பு ஸ்பிண்டிலைச் சுற்றித்தான் ஓடுகிறது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் ஒரு ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்றுச் சுற்றினால், ஒரு நாளைக்கு இரண்டரைக் கோடிக்கு மேல் ஆகிறது. 52 மில்லிமீட்டர் ஸ்கேட்போர்டு சக்கரம் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று. ஆக, இருநூறு மணி நேர ஓட்டத்தில் சக்கரம் போடும் சுற்றை ஸ்பிண்டில் ஒரே நாளில் போட்டுவிடுகிறது. அதுவும் வருடக்கணக்கில், இரவு பகலாக, ஆயிரக்கணக்கில். அங்கே ஒரு பேரிங்கின் சிறு உராய்வும் மின்கட்டணமாகப் பெருகும், சிறு அதிர்வும் நூல் அறுவாகப் பெருகும். துல்லியத்துக்குக் கொடுத்த காசு அங்கே வட்டியோடு திரும்புகிறது. ஆனால் அதே மில் இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. எவ்வளவு உயர்ந்த ஸ்பிண்டிலாக இருந்தாலும், ரிங்கின் நட்டநடுவில் நிறுத்தப்படவில்லை என்றால் ஒவ்வொரு சுற்றிலும் நூலின் இழுவை ஏறி இறங்கும், நூல் அறும். அதனால்தான் கேஜ் வைத்து ஸ்பிண்டிலைச் சென்டர் செய்கிறார்கள். விலை கொடுத்து வாங்கிய துல்லியத்தைப் பொருத்திக் காட்டும் வேலை அது. அந்த வேலை நடக்காத இடத்தில் வாங்கிய துல்லியம் வீண்.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு வேகத்தின் பெயரால் வரும்: துல்லியமான ஸ்பேசரும் உயர்தரப் பேரிங்கும் சேர்ந்தால் பலகை வேகமாக ஓடாதா? பேரிங் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஏபெக் எண் இந்த நம்பிக்கையை வளர்க்கிறது. அந்த எண் அளவுப் பிழையையும் சுழற்சிப் பிசகையும் மட்டுமே குறிக்கும். ஏபெக் 1இல் உள்வளையத்தின் சுழற்சிப் பிசகு 10 மைக்ரான் வரை, ஏபெக் 7இல் 2.5 மைக்ரான் வரை. எஃகின் தரம், கிரீஸ், சீல், பக்கவாட்டு அடியைத் தாங்கும் திறன் எதுவும் அதில் வராது. சரி, உராய்வையே கணக்கிடுவோம். 60 கிலோ எடையுள்ளவர் நிற்கும்போது நன்றாகப் பொருத்திய பேரிங்குகளின் உராய்வு சக்கர விளிம்பில் சுமார் 0.14 நியூட்டன் தடையாகத் தெரியும். பாலியூரித்தேன் தரையில் நசுங்கி நிமிர்வதால் வரும் தடையோ வழவழப்பான தரையில்கூட 6 நியூட்டனை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். பேரிங்கின் பங்கு நூற்றுக்கு இரண்டுதான்; சீலும் கிரீஸும் அதைச் சற்று ஏற்றலாம். பேரிங்கை எவ்வளவு மெருகேற்றினாலும் அந்தச் சிறு பங்குக்குள்தான் லாபம். வேகம் வேண்டுமென்றால் காசைச் சக்கரத்தில் போட வேண்டும். ஸ்பேசரின் பயன் வேகத்தில் இல்லை, பேரிங்கின் ஆயுளில் இருக்கிறது. விரலால் சுண்டிவிட்ட சக்கரம் ரொம்ப நேரம் சுற்றுவதைக் காட்டிப் பொருளை விற்பதும் இதே மயக்கம்தான். சுமை இல்லாமல் சுற்றும்போது கிரீஸின் பிசுபிசுப்பே பெரிய தடை. கிரீஸ் வறண்ட பேரிங்தான் அந்தப் பரீட்சையில் முதலில் வரும், தெருவில் முதலில் கெடும்.

இரண்டாவது மறுப்பு அனுபவத்திலிருந்து வருகிறது: ஸ்பேசரே போடாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களே! உண்மைதான். நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி விட்டால் குண்டுகள் நசுங்காமல் தப்பிக்கின்றன. மாட்டுவண்டிச் சக்கரமும் இப்படிப்பட்ட தளர்ச்சியில்தான் ஓடுகிறது. குடத்துக்கும் கடையாணிக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள், வண்டி மை பூசியிருப்பார்கள், சக்கரம் ஆடி ஆடிப் போகும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரும் இன்று இரும்புச் சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக்கிலும் வந்தாலும் நடை வேகத்தில்தான் நகர்கிறது. அந்த வேகத்துக்கு மைக்ரான் கணக்கு வேண்டியதில்லை, வலுவும் கட்டுப்பாடும்தான் வேண்டும். மெதுவாகப் போகும் சக்கரத்துக்குத் தளர்ச்சி ஒரு நல்ல ஏற்பாடு. ஆனால் ஸ்கேட்போர்டு குதிக்கிறது, பக்கவாட்டில் வழுக்குகிறது. தளர்ந்த நட்டில் உள்வளையம் ஆக்சிலின் மேல் வழுகித் தேய்க்கும். குதித்து இறங்கும் அடி இரண்டு பேரிங்குக்கும் சமமாகப் பிரியாது. கெடுதல் உடனே தெரியாது என்பதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது. கால் சுற்று எவ்வளவு என்பதை ஒவ்வொரு முறையும் கையால் யூகிப்பதைவிட, சரியான நீளமுள்ள ஒரு குழாய் அதை ஒரே தடவையில் தீர்த்துவைக்கிறது.

எனவே காசை எங்கே போடுவது என்பதில் குழப்பம் வேண்டாம். முதல் செலவு, ஸ்பேசர் இருக்க வேண்டும் என்பதற்கு. அடுத்தது, முகங்கள் செங்குத்தாக, பிசிறின்றி இருப்பதற்கு. மூன்றாவது, நீளம் சக்கரத்தின் படித்தூரத்துக்குக் குறையாமல், பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடாமல் இருப்பதற்கு. இதற்குப் பிறகும் மைக்ரானுக்குக் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. வாங்கியது சரியா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்: நட்டை நன்றாக முடுக்கினாலும் சக்கரம் கரகரப்பில்லாமல் உருள வேண்டும், பக்கவாட்டில் ஆட்டம் கைக்கு லேசாக மட்டுமே தட்டுப்பட வேண்டும். முடுக்க முடுக்கச் சக்கரம் இறுகினால் குழாய் குட்டை.

இந்த அளவுத் துல்லியத்துக்கு வெளிநாட்டு டப்பாவை எதிர்பார்க்கத் தேவையில்லை. ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து பழகிய கைகளுக்கு 0.09 மில்லிமீட்டருக்குள் ஒரு குழாய் கடைவது பெரிய வேலை அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984இலிருந்து பொறியியல் கற்றுத்தரும் கலசலிங்கம் போன்ற கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு, பத்து விதச் சக்கரங்களின் படித்தூரத்தை அளந்து அட்டவணை போடுவது அளவையியல் பாடத்துக்கு ஏற்ற செய்முறைப் பயிற்சி. அந்த அட்டவணை பட்டறைக்குப் போனால், அளவெடுத்துக் கடைந்த ஸ்பேசர் விலையுயர்ந்த டப்பாவில் உள்ளதைவிட நன்றாகவே பொருந்தும். ஏனென்றால் டப்பாவில் உள்ளது எந்தச் சக்கரத்துக்கும் அளவெடுக்கப்பட்டதல்ல. துல்லியத்தின் மதிப்பு தசமப்புள்ளிக்குப் பின்னால் எத்தனை எண்கள் என்பதில் இல்லை. எந்த இடத்துக்கு எவ்வளவு போதும் என்று அளந்து தெரிந்துகொள்வதில் இருக்கிறது. அந்த அறிவு நம்மிடம் இருந்தால், நியாயமான விலைக்கு நல்ல பொருளை நாமே செய்துகொள்ளலாம்.