பழைய பெட்டிக்குள் ஒரு பறக்கும் படகு!

விமானம் என்றால் ஓடுபாதையில் ஓடி, 'விர்'ரென்று மேலே ஏறும். திரும்பி வந்து ஓடுபாதையிலேயே இறங்கும். ஓடுபாதையே இல்லாத ஊரில் என்ன செய்வது? "ஓர் ஏரி இருந்தால் போதும், நான் இறங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லும் விமானங்களும் உண்டு. அவைதான் கடல் விமானங்கள். இவற்றில் இரண்டு வகை. சாதாரண விமானத்தில் சக்கரங்களைக் கழற்றிவிட்டு மிதவைகளைப் பூட்டினால் அது ஒரு வகை. விமானத்தின் வயிறே படகாக இருந்தால் அது இன்னொரு வகை. அதற்குப் 'பறக்கும் படகு' என்றே பெயர்.

பறக்கும் படகுகளில் மிகவும் புகழ்பெற்றது 'கேட்டலினா'. அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் செய்தது. முதன்முதலில் பறந்தது 1935-ல். ஒரு சிறகு நுனியிலிருந்து மறு சிறகு நுனி வரை 31.7 மீட்டர்! அந்த நீண்ட சிறகு உடலோடு ஒட்டி இருக்காது. நடுவில் ஒரு தூண் நின்று அதைத் தாங்கும். அந்தத் தூணுக்குள்ளே என்ஜினைக் கவனிக்கும் பொறியாளர் உட்கார்ந்திருப்பார். சிறகு நுனிகளில் இரண்டு சிறு மிதவைகள் உண்டு. விமானம் மேலே போனதும் அவை மடங்கிச் சிறகின் நுனியாகவே மாறிவிடும். நல்ல யோசனை அல்லவா?

இந்த விமானத்தைத்தான் நாம் இன்று மேஜைமேல் கட்டப்போகிறோம்.

இங்கிலாந்தில் 'ஏர்ஃபிக்ஸ்' என்று ஒரு நிறுவனம். 1939-ல் நிக்கோலஸ் கோவ் என்பவர் தொடங்கியது. முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகள், பிறகு தலைவாரும் சீப்பு! 1952-ல் 'கோல்டன் ஹைண்ட்' என்ற பாய்மரக் கப்பலை, பாகம் பாகமாகப் பையில் போட்டு விற்றார்கள். அது நன்றாக விற்கவே, விமானங்களும் வரிசையாக வந்தன. 1960-களில் கேட்டலினாவும் வந்தது. உண்மை விமானத்தில் 72-ல் ஒரு பங்கு அளவு. அந்தப் பெட்டிகள் பல நாடுகளுக்கும் போயின. இப்போதும் சில வீடுகளின் பரண்களிலும், பழைய பொருள் விற்பவர்களிடமும் கிடைக்கின்றன.

பெட்டியைத் திறந்ததும் ஒட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்குவதுபோல் இருக்கும். சட்டத்தோடு அப்படியே சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவிய பிசுக்கு அதில் ஒட்டியிருக்கும். அது இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பாகங்களை முறித்து எடுக்கக் கூடாது. கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். பிளேடு, கத்தி வேலைக்குப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்போது ஒரு கணக்கு. சிறகின்மேல் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று நூற்றுக்கணக்கான குமிழ்கள் தட்டுப்படும். அவை ரிவிட்டுகளாம்! ஒரு குமிழின் அகலம் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 72-ஆல் பெருக்கினால் 36 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர்தான். அதைவிடப் பெரிய ஆணிகளை வரிசையாக அடித்த விமானம் எப்படிப் பறக்கும்? உண்மையான ரிவிட்டை 72-ஆல் வகுத்தால் கண்ணுக்கே தெரியாது. வகுப்பில் விகிதம் நடத்தும்போது இதுபோல் ஒரு சிறகு என் கையில் இருந்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

ஆகவே குமிழ்களைத் தேய்த்துவிட வேண்டியதுதான். கார் பெயின்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பரில் 400-ஆம் எண், பிறகு 600-ஆம் எண். தண்ணீர் தொட்டுத் தொட்டு, வட்டமாக, மெதுவாகத் தேயுங்கள். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் தூசி மூக்கில் ஏறும். ஓர் எச்சரிக்கை! படகின் அடிவயிற்றில் நடுவே ஒரு 'படி' இருக்கும். அச்சில் ஏற்பட்ட குறை என்று நினைத்து அதைத் தேய்த்துவிடாதீர்கள். அது மிக முக்கியமான உறுப்பு. விமானம் நீரில் வேகமாக ஓடும்போது நீர் அதன் அடியைப் பற்றி இழுக்கும். அந்தப் படி இருப்பதால் நீர் அங்கே விலகிக் காற்று உள்ளே நுழைகிறது. பிடி விட்டுப்போகிறது, விமானம் மேலே எழும்புகிறது. படி இல்லாத பறக்கும் படகு ஏரியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

அடுத்த சிக்கல் பெரியது. பழைய பெட்டியில் இருப்பது சக்கரங்களும் உள்ள கேட்டலினா. நிலத்திலும் இறங்கும், நீரிலும் இறங்கும். ஆனால் நம் பக்கத்துக் கடலில் பெயர் வாங்கிய கேட்டலினா ஒன்றுக்குச் சக்கரம் கிடையாது. அது சுத்தமான படகு. அதன் கதையைக் கேளுங்கள்.

1942 ஏப்ரல் 4. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இலங்கையின் தெற்கே, காலி நகருக்குப் பக்கத்தில் கொக்கல என்ற இடத்தில் ஒரு காயல் இருக்கிறது. அங்கிருந்து விடியும் முன்பே ஒரு கேட்டலினா கிளம்பியது. விமானி கனடா நாட்டுக்காரர், லெனார்ட் பர்ச்சால். இலங்கைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஒன்பது பேர் நாள் முழுதும் கடலைப் பார்த்துக்கொண்டே பறந்தார்கள். திரும்ப வேண்டிய வேளையில் தெற்கே அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. "சரி, ஏதோ கப்பல்கள்" என்று திரும்பியிருக்கலாம். பர்ச்சால் பக்கத்தில் போனார். புள்ளிகள் பெருகின. விமானந்தாங்கிக் கப்பல்களோடு இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படை அது!

வானொலியில் செய்தி பறந்தது. அதற்குள் ஜப்பானியப் போர் விமானங்கள் சூழ்ந்துகொண்டன. மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கேட்டலினா அவற்றிடமிருந்து எப்படித் தப்பும்? சுட்டு வீழ்த்திவிட்டார்கள். மூவர் இறந்தனர். பர்ச்சாலும் ஐந்து பேரும் சிறைப்பட்டார்கள். 1945-ல் போர் முடிந்த பிறகே விடுதலை. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுந்தது. உயிர்களும் கப்பல்களும் போயின. ஆனாலும் செய்தி முன்பே வந்துவிட்டதால் பல கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்தன. 'இலங்கையைக் காத்தவர்' என்று பர்ச்சாலை அழைத்தார்கள். 2004-ல் தான் காலமானார்.

அவர் ஓட்டிய விமானத்தைக் கட்டும்போது சக்கரத்தை ஒட்டினால் நன்றாகவா இருக்கும்? உடலின் இரு பக்கமும் சக்கரம் போய் ஒளியும் வட்டக் குழிகள் இருக்கும். பிளாஸ்டிக் அட்டையை வட்டமாக வெட்டிக் குழியை மூடுங்கள். மூக்கின் கீழே உள்ள கதவுகளையும் மூடி ஒட்டிவிடுங்கள். இடுக்குகளில் பட்டி பார்க்க வேண்டும். டிங்கர் பட்டறையில் கார் கதவுக்குப் பட்டி பூசித் தேய்ப்பார்களே, அதே வேலைதான்! ஒரு நாள் காய விட்டுத் தேயுங்கள். அவசரக்காரர்களுக்கு இந்த இடத்தில் பொறுமை போய்விடும்.

"எனக்குச் சக்கரம் வேண்டும்" என்கிறவர்கள், உடலின் இரு பாதிகளையும் ஒட்டும் முன்பே மூக்கில் நாலைந்து சைக்கிள் பால்ரஸ் குண்டுகளை ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும்.

ஒட்டுவதற்கு மாடல் பசைதான் வேண்டும். அது பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்து இரண்டையும் ஒன்றாக்கும். மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசை இதற்கு ஆகாது. மாடல் பசைக்கு நெடி உண்டு. ஜன்னலைத் திறந்து வையுங்கள். கண்ணாடிப் பாகங்களின் பக்கம் மட்டும் அந்தப் பசையையும் கொண்டுபோகாதீர்கள். சூப்பர் குளூவின் ஆவி பட்டாலும் கண்ணாடி வெளுத்துவிடும். அங்கேதான் வெள்ளைப் பசை உதவும். கேட்டலினாவின் இரு பக்கமும் மீன் கண்போல் பிதுங்கிய கண்ணாடிக் கூண்டுகள் உண்டு அல்லவா? பழைய பெட்டியில் அவை மங்கியிருக்கும். பற்பசையை மெல்லிய துணியில் தொட்டுத் தேய்த்தால் பளிச்!

உள்ளே எட்டிப் பார்த்தால் வெறும் குகை. இரண்டு நாற்காலி, இரண்டு பொம்மை விமானி, அவ்வளவுதான். சிகரெட் அட்டை அளவு காகிதத்தில் கருவிப் பலகை வரைந்து ஒட்டலாம். மெல்லிய காகிதப் பட்டையில் இடுப்பு வார் செய்யலாம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் இங்கே 2.4 சென்டிமீட்டர்தான் என்பது நினைவிருக்கட்டும்!

பெயின்ட் அடித்த பிறகு ஸ்டிக்கர். தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தும் வகை. வயதானதால் மஞ்சளடித்திருக்கும். வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பிரிட்டிஷ் விமானங்களின் அடையாள வட்டத்துக்கு நடுவே சிவப்பு இருக்கும். ஜப்பானிய விமானத்தின் அடையாளமோ சிவப்பு வட்டம்! தன் ஆளையே சுட்டுவிடக் கூடாதே என்று, இந்தியா, பர்மா, இலங்கைப் பக்கம் பறந்த விமானங்களில் பிற்பாடு சிவப்பை எடுத்துவிட்டார்கள். பர்ச்சால் விமானத்துக்குச் சிவப்பு இருக்கலாம். 1944-ல் செங்குன்றத்தில் இருந்த கேட்டலினாவைக் கட்டினால் கூடாது.

செங்குன்றமா? ஆமாம்! சென்னைக்குக் குடிநீர் தரும் நம் புழல் ஏரியேதான். 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் தன் கேட்டலினாக்களோடு அங்கே வந்தது. வங்கக் கடலை ரோந்து சுற்றிவிட்டு ஏரியில் வந்து இறங்கும்.

இன்னும் ஒரு விமானத்தையும் இதே பெட்டியில் கட்டலாம். 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் குவாண்டஸ் நிறுவனம் பெர்த் நகரிலிருந்து கொக்கலவுக்கு ஐந்து கேட்டலினாக்களை ஓட்டியது. மூன்றே பயணிகள், 69 கிலோ தபால், மீதி எல்லாம் பெட்ரோல்! ஒரேயடியாக ஒரு நாளுக்கு மேல் பறந்ததால் பயணிகள் இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்தார்கள். எதிரிக்குத் தெரியக் கூடாது என்று வானொலியில் பேச மாட்டார்கள். நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி. விமானங்களின் பெயர்களும் ஆல்டேர், ஸ்பைகா, அன்டாரஸ், வேகா, ரைஜெல் என்று நட்சத்திரப் பெயர்களே. முதல் மூன்றும் நம் பஞ்சாங்கத்தில் திருவோணம், சித்திரை, கேட்டை!

கடைசி வேலை வானொலிக் கம்பி. மிச்சமான பிளாஸ்டிக் சட்டத் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரு பக்கமும் இழுத்தால் தலைமுடிபோல் நூல் வரும். இதை அப்பாவோ அண்ணனோ செய்யட்டும். வால் உச்சியிலிருந்து சிறகுக்கு அந்த நூலைக் கட்டி ஒட்டுங்கள்.

44 சென்டிமீட்டர் சிறகு. அலமாரியில் இடம் போதாது. கூரையிலிருந்து நைலான் நூலில் தொங்கவிடலாம். அப்போது மிதவைகள் மடங்கியிருக்க வேண்டும், பறக்கிறதல்லவா! மின்விசிறிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.