பசியில் பிறந்த சொல்

காலை உணவுக்கு உலக மொழிகளில் எத்தனையோ பெயர்கள் உண்டு. அவற்றுள் ‘நாஷ்டா’ என்னும் சொல்லின் வரலாறு மிகவும் சுவையானது. சென்னையில் ‘நாஷ்டா ஆச்சா?’ என்று ஒருவரையொருவர் கேட்பதை நம்மில் பலர் கேட்டிருப்போம். இது பாரசீகத்திலிருந்து வந்த விருந்தாளிச் சொல். ஆனால் அங்கே இதன் முதற்பொருள் உணவே அன்று!

பாரசீக மொழியில் ‘நாஷ்தா’ என்றால் ‘இன்னும் எதுவும் உண்ணாத’, ‘வெறும் வயிற்றோடு இருக்கிற’ என்று பொருள். முன்னால் நிற்கும் ‘நா’ இல்லை என்பதைக் குறிக்கும். எஞ்சிய பகுதி, உண்ணுதல் என்னும் பொருளுடைய பழைய வேரிலிருந்து வந்தது என்பர் மொழியறிஞர். வடமொழி ‘அசனம்’ அதற்கு உறவு. ஆலயத் திருவிழாக்களில் பந்தியில் அமர்ந்து நாம் உண்ணும் அசன விருந்தை நினைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் பட்டினியைக் குறித்த சொல் உணவுக்குப் பெயரானது எப்படி? இரவெல்லாம் உண்ணாதிருந்து காலையில் முதற்கவளம் உண்பதைப் பாரசீகர் ‘நாஷ்தாவை முறித்தல்’ என்றனர். ஆங்கிலத்தில் ‘பிரேக்ஃபாஸ்ட்’ என்பதும் நோன்பை முறிப்பது என்னும் பொருளுடையதே அன்றோ! நாளடைவில் முறித்தல் மறைந்தது. நாஷ்தா மட்டும் நின்று உணவின் பெயராயிற்று.

முகலாயர் காலத்தில் பாரசீகம் இந்தியாவின் ஆட்சி மொழியாக விளங்கியது. அதன் சொற்கள் அரண்மனையிலிருந்து கடைவீதிக்கும், கடைவீதியிலிருந்து அடுக்களைக்கும் சென்றன. 1837-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீதிமன்றங்களில் பாரசீகம் தன் இடத்தை இழந்தது. ஆயினும் அடுக்களையிலிருந்து அதனை யாரும் வெளியேற்றவில்லை! உருது, இந்தி, மராத்தி மொழிகளில் நாஷ்தா என்றும், குஜராத்தியில் நாஸ்தோ என்றும், வங்காளத்தில் நாஷ்தா என்றும், நேபாளத்தில் நாஸ்தா என்றும் அது வழங்குகிறது. ஆற்காட்டு நவாபு முகம்மது அலி 1760-களில் சென்னை சேப்பாக்கத்தில் மாளிகை எழுப்பிக் குடியேறினார். உருது பேசுவோர் பலர் அப்பகுதியில் வாழ்ந்ததால் சென்னைப் பேச்சில் அம்மொழிச் சொற்கள் கலந்தன. பஜார், ரசீது, குஷி ஆகியவையும் பாரசீக வழி வந்தவையே.

சொல் பிறந்த ஈரானிலோ காலை உணவுக்கு இன்று ‘சொப்ஹானே’ என்று பெயர். அங்கே மருத்துவர், ‘இரத்தப் பரிசோதனைக்கு நாஷ்தாவாக வாருங்கள்’ என்றால், ஒன்றும் உண்ணாமல் வரவேண்டும் என்பது பொருள். டில்லிக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு வயிறாரப் பூரி உண்டு போனால் என்ன ஆகும்!

ஒரே சொல், ஓர் ஊரில் வெறும் வயிறு. மற்றோர் ஊரில் நிறைந்த வயிறு. மணி அடித்துவிடுமே என்று தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவரும் நம் தோழியர் சிலர், காலை வழிபாட்டில் தலைசுற்றி நிற்கிறார்கள். அவர்களுக்கு நாஷ்டா இன்னும் பழைய பாரசீகப் பொருளிலேயே இருக்கிறது! வீட்டில் உணவில்லாமல் வரும் சிறுமிக்கோ அது விளையாட்டன்று, உண்மை. நம் டப்பாவில் உள்ள இரண்டு இட்லியில் ஒன்றை அவளுக்குத் தந்தால், அச்சொல் அவளுக்கும் புதுப்பொருள் பெறும். தோழியரே, நாம் உண்போம், பகிர்ந்தும் உண்போம்.