கோடி நகரில் இன்னும் ஒரு நாள்

யெல்லோஸ்டோன் போகிற வழியில், வயோமிங்கில் உள்ள கோடி என்ற சிறிய ஊரில் பிள்ளைகளோடு ஒரு நாள் தங்குங்க. பஃபலோ பில் மையத்தில் ஒரே கூரையின் கீழ் 5 அருங்காட்சியகங்கள். சமவெளிப் பழங்குடியினருக்கென்றே ஒன்று இருக்கு. பழைய மரவீடுகளைப் பார்க்க ஓல்ட் டிரெயில் டவுன்.

ஆனா, தவற விடாதீங்கன்னு நான் சொல்றது, காரில் அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஹார்ட் மவுண்டன் நினைவு மையம். 1942 முதல் 1945 வரை ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 14,000 பேரை அரசு அங்கே முள்வேலிக்குள் அடைத்தது. பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அடைபட்ட சிறுவன் நார்மன் மினேட்டாவும் கோடி ஊர்ச் சிறுவன் ஆலன் சிம்சனும் சாரணர்களாகச் சந்தித்து நண்பர்களானார்கள். பின்னாளில் இருவருமே அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார்கள்.

"நாம எந்த ஊர்க்காரங்க?" என்று கேட்கிற வயதுப் பிள்ளையிடம் பேச்சைத் தொடங்க, இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியலை.