சீட்டுக்கு முன் வேனைக் கேளுங்கள்

எல்.கே.ஜி.யில் சேர்க்கும்போது பீஸ் எவ்வளவு என்று விசாரிக்கிறோம். வேனுக்கு எவ்வளவு என்ற கேள்வி பள்ளி திறந்த பிறகுதான் வருகிறது. அதற்குள் கையிலிருந்த பணம் பீஸுக்கும் யூனிஃபார்முக்கும் போயிருக்கும். மிச்சத்தில் அடங்குகிற வண்டி, பைகள் வெளியே தொங்க எட்டுப் பத்துப் பிள்ளைகளை அடைத்த ஆட்டோதான். வடசென்னையில் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அந்த ஆட்டோ போகும் வழியில்தான் துறைமுகத்துக்கான கன்டெய்னர் லாரிகளும் வரிசை கட்டுகின்றன. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குப் பக்கத்தில் வரும் ஆட்டோ தெரியாமலே போகலாம்.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே, சேலையூர் பள்ளி ஒன்றின் பஸ் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். ஓடத் தகுதியானது என்ற எஃப்.சி. சான்றிதழ் இருந்த பஸ் அது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்த பிறகு, அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஒரு சிறுவன் இறந்தான். அதன் பின் பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமராவும், சென்சாரும் கட்டாயமாயின. ஆகவே சான்றிதழ் காகிதத்தை மட்டும் நம்பாமல், தரையையும் கதவுத் தாழ்ப்பாளையும் நீங்களே ஏறிப் பாருங்கள்.

வேன் காசில் டீசல், டிரைவர் சம்பளம், ஆயா சம்பளம், இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர் எல்லாம் அடக்கம். ஒருவர் மற்றவரைவிட மிகக் குறைவாகக் கேட்டால், இவற்றில் எதை விட்டுவிட்டார் என்று கேளுங்கள். முதலில் விடுபடுவது ஆயாதான். மூன்று நான்கு வயதுப் பிள்ளையைக் கைபிடித்து இறக்கி, வண்டி நகரும்வரை ஓரமாக நிறுத்திவைக்க அவரைவிட்டால் ஆளில்லை. அந்தச் சம்பளத்தில் நாம் பேரம் பேசக் கூடாது. வெள்ளை நம்பர் பிளேட் போட்ட ஓன் போர்டு வண்டியில் காசு வாங்கிப் பிள்ளைகளை ஏற்றுவது விதிமீறல். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைகழுவ அதுவே காரணமாகிவிடும். விடுமுறையான மே மாதத்துக்கும் காசு உண்டா என்பதையும் முன்பே பேசி எழுதி வாங்குங்கள்.

சட்டம் எல்.கே.ஜி. வயதில் நம்மைக் கைவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டம் தரும் இலவசக் கல்வி உரிமை 6 முதல் 14 வயது வரைதான். தொலைவில் பள்ளி உள்ள பிள்ளைகளுக்குச் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை தரும் பயணப் படியும் தொடக்க, இடைநிலைக் கல்விக்கே. அதே சட்டம் தனியார் பள்ளிகளில் தரும் 25 சதவீத ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. இடம் கிடைத்த பிள்ளைக்கும் வேன் காசை வீடுதான் கட்ட வேண்டியிருக்கிறது. இடத்தைக் கொடுத்துவிட்டு வழியைக் கொடுக்காதது பெரிய அநியாயம். இந்தச் செலவை அரசு தன் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும். வார்டு கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் பெற்றோர் சேர்ந்து மனுக் கொடுக்கலாம்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். நடக்கும் தூரத்தில் அங்கன்வாடி இருக்கிறதா பாருங்கள். அரசு நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் 2019-இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. மாநகர சாதாரண பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் இலவசம் என 2022-இல் அறிவிக்கப்பட்டது. தாயின் நேரம் செலவாகிறது என்பது உண்மை. விடியலில் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர் எப்படிக் கூட்டிப்போவார்? ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டார் முறை வைத்துக்கொண்டால் ஓரளவு முடியும். பைக் என்றால், நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் இது சட்டம்.

அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டி எண்ணோடு படமெடுத்து, தலைமையாசிரியருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். ஆபத்து நேரத்தில் 112, பிள்ளைகளுக்கான உதவிக்கு 1098. விபத்து நேர்ந்தால் எஃப்.ஐ.ஆர். நகலையும் காயச் சான்றையும் வாங்கி, ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்துவிடுங்கள். மோதிய லாரி எதுவென்றே தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு: உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் பேசலாம்.