பூமிக்குள் இருந்த சாட்சி

ஜப்பான் என்றதும் நம்மவர்களுக்கு டோக்கியோவும் பூஜி மலையுமே நினைவுக்கு வரும். நான் பார்க்க ஆசைப்பட்டதோ, மேற்கே ஷிமானே மாகாணத்தில் வயல்களுக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் இஸுமோ ஆலயத்தை. ஷின்ஜி ஏரிக் கரையோரமாகச் செல்லும் சிறிய ரயிலில் போய் இறங்கினேன்.

கோயிலுக்குப் படியேறிப் போவதுதானே உலக வழக்கம்? இங்கே பாதை சரிந்து இறங்குகிறது. வழியெல்லாம் பைன் மரங்கள். மற்ற ஷின்டோ ஆலயங்களில் இருமுறை கை தட்டி வணங்குகிறவர்கள் இங்கே நான்கு முறை தட்டுகிறார்கள். மூர்த்தியின் பெயர் ஓகுநினுஷி. நமது மஹாகாளர் பௌத்தத்துடன் ஜப்பான் சென்று தைகோகு என்ற பெயர் பெற்றார்; அவரையும் இவரையும் ஒருவராகவே ஜனங்கள் பாவிக்கிறார்கள். உக்கிர மூர்த்தி அங்கே அரிசி மூட்டைமேல் நின்று புன்னகை செய்கிறார்!

இப்போதுள்ள மூலஸ்தானம் 1744-ல் கட்டியது; உயரம் 24 மீட்டர். முற்காலத்தில் இது 48 மீட்டர் இருந்ததென்பது கோயில் ஐதிகம். 970-ல் பிரபு வீட்டுச் சிறுவன் ஒருவனுக்காக எழுதப்பட்ட பாடப் புத்தகமும், தேசத்துப் பெரிய கட்டடங்களில் இஸுமோவுக்கே முதலிடம் தந்து, நாரா நகரத்துப் பெரிய புத்தர் மண்டபத்தை இரண்டாவதாகச் சொல்லியது. பரம்பரை அர்ச்சகர் குடும்பத்தில் பழைய வரைபடம் ஒன்றும் இருந்தது. மூன்று அடிமரங்களைச் சேர்த்து இரும்புப் பட்டையால் கட்டி ஒரே தூணாக்கியதை அது காட்டியது. பண்டிதர்களில் பலர் நம்பவில்லை. பாடப் புத்தகம் எழுதுகிறவர் சற்று மிகைப்படுத்தியிருப்பார் என்று, உபாத்தியாயனான நானுங்கூட நினைத்திருப்பேன்.

2000-ஆம் வருஷம் ஆலய முற்றத்தைத் தோண்டியபோது, நிலத்தடி நீரில் ஊறியபடியே மூன்று தேவதாரு அடிமரங்கள் ஒன்றாக நின்றன. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 3 மீட்டர் அகலம். வரைபடத்தில் கண்டபடியே! அவை 13-ஆம் நூற்றாண்டுத் திருப்பணியைச் சேர்ந்தவை என்று கண்டறிந்திருக்கிறார்கள். ஆகவே தூண் மெய்யானது. 48 மீட்டர் என்னும் உயரத்தைப் பற்றித்தான் வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கென்னவோ, அந்தத் தூணைப் பார்த்தபின் ஐதிகத்தின் பக்கமே மனம் சாய்கிறது.

அருகிலுள்ள பொருட்காட்சி சாலையில் ஒரு தூண் கறுத்து, வெடித்து நிற்கிறது. தூண்கள் கிடைத்த இடத்தில் தரைக் கற்களில் மும்மூன்று வட்டங்கள் பதித்திருக்கிறார்கள். நான் போனபோது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த வட்டங்களுக்குள் நெருங்கி நின்று, தூணுக்குள் எத்தனை பேர் அடங்குவார்கள் என்று உரக்க எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஆசிரியை என்னையும் உள்ளே வந்து நிற்கும்படி சைகை காட்டினாள்.