விசிலும் ஒரு வரிக் காரணமும்

2023 மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தின் தொடக்க ஆட்டத்தில் நியூசிலாந்தும் நார்வேயும் மோதின. ஜப்பானைச் சேர்ந்த நடுவர் யோஷிமி யமாஷிதா ஆட்டத்தை நிறுத்தி, மைதான ஓரத்துத் திரையில் காணொலிப் பதிவைப் பார்த்தார். பிறகு, பந்து கையில் பட்டதால் பெனால்டி என்று அரங்கம் முழுவதும் கேட்கும்படி மைக்கில் அறிவித்தார். தீர்ப்போடு காரணத்தையும் சொல்லும் இம்முறை அந்தத் தொடர் முழுவதும் பின்பற்றப்பட்டது.

உடற்கல்வி ஆசிரியராகப் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராக இருக்கும் எனக்கு, இது வகுப்பறைக்கும் பொருந்தும் என்று தோன்றுகிறது.

சரியான காரணம் சொல்ல, முதலில் சரியாகப் பார்த்திருக்க வேண்டும். அதனால்தான் சர்வதேச நடுவர்களுக்கு உடற்தகுதித் தேர்வு உண்டு. 40 மீட்டர் விரைவோட்டம் 6 முறை. அடுத்து 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை என 40 முறை. மொத்தம் 4,000 மீட்டர்! பந்தை நெருங்கி ஓடுபவருக்கே தவறு தெளிவாகத் தெரியும்.

விசில் மட்டும் ஊதினால் மாணவர்கள் வாதாடுவார்கள். ‘காலைத் தட்டிவிட்டாய்’ என்று ஒரு வரி சொன்னால், முகம் வாடினாலும் ஆட்டத்துக்குத் திரும்புவார்கள். மதிப்பெண் குறைக்கும்போதும் கண்டிக்கும்போதும் அந்த ஒரு வரியை நாம் சொல்கிறோமா?

உங்கள் பள்ளியின் அடுத்த ஆட்டத்தில் விசிலை ஒரு மாணவியிடம் கொடுங்கள். ஊதும்போதெல்லாம் காரணத்தையும் அவர் உரக்கச் சொல்லட்டும். விதியை அறிந்து, பலர் முன்னிலையில் முடிவெடுத்துப் பேசும் துணிவு அவருக்கு அங்கேயே தொடங்கும்.