ஒன்றும் இல்லை என்பதற்கு ஒரு சர்டிபிகேட்!

வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோவில் இருக்கிறது. அதே கோட்டைக்குள் மசூதியும் இருக்கிறது. கிறிஸ்தவ ஆலயமும் இருக்கிறது. தோல் தொழில் நடக்கும் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போனால், வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். ஆடி மாதம் காவடி. ஞாயிறு காலை கோவில் மணி. ஊரே ஏதாவது ஒரு சாமியைக் கும்பிடுகிறது.

எந்தச் சாமியையும் கும்பிடாத குடும்பம் இங்கே எப்படி வாழ்வது?

பக்கத்து வீட்டில் இருந்து ரம்ஜானுக்குப் பிரியாணி வரும். ஆடியில் கூழ் வரும். கிறிஸ்துமசுக்குக் கேக் வரும். வாங்கிச் சாப்பிடுவதில் கஷ்டம் இல்லை. திருப்பிக் கொடுக்க எந்தப் பண்டிகை? இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பொங்கல்தான் கைகொடுக்கும். சூரியனையும் மாட்டையும் யார் வேண்டுமானாலும் கொண்டாடலாம் அல்லவா?

அக்கம்பக்கத்தைச் சமாளித்துவிடலாம். விண்ணப்பத் தாளைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

வக்கீல் வீட்டுப் பெண்

திருப்பத்தூரைச் சேர்ந்தவர் ம.ஆ.சிநேகா. வக்கீல். அவருடைய தாய், தந்தை இருவருமே வக்கீல்கள். சாதி, மதம் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள். மூத்த மகளுக்குச் சிநேகா என்று பெயர் வைத்தார்கள். மற்ற இரண்டு மகள்களில் ஒருத்திக்கு முஸ்லிம் பெயர். இன்னொருத்திக்குக் கிறிஸ்தவப் பெயர்.

பள்ளியில் சேர்க்கும்போது சாதி, மதம் என்ற இடங்களை வெறுமையாக விட்டார்கள். சிநேகா பெரியவள் ஆனார். தமிழ்ப் பேராசிரியர் கி.பார்த்திபராஜாவைக் கணவராகக் கொண்டார். அவர்களுக்கும் 3 மகள்கள். அந்தப் பிள்ளைகளின் பெயரிலும் மதங்கள் கலந்தே இருக்கின்றன.

பள்ளிச் சான்றிதழில் இந்த இடங்களை வெறுமையாக விடலாம் என்று தமிழக அரசு 1973-ம் ஆண்டிலேயே உத்தரவு போட்டது. 2000-ம் ஆண்டில் மறுபடியும் போட்டது. ஆனால் வெற்றிடம் என்பது வேறு, "இல்லை" என்று அரசாங்கம் எழுதிக் கொடுப்பது வேறு. சாதி உண்டு என்பவருக்குத் தாசில்தார் ஆபீசில் சர்டிபிகேட் தருகிறார்கள். இல்லை என்பவருக்கு ஏன் தரக்கூடாது? இதுதான் சிநேகா கேட்ட கேள்வி.

2010-ல் மனுப் போட்டார். கிடைக்கவில்லை. 2017-ல் மறுபடியும் முயன்றார். சாதியின் பெயரால் அரசுச் சலுகை எதையும் தாம் பெற்றதில்லை என்று எடுத்துச் சொன்னார். கடைசியில் 2019 பிப்ரவரி 5-ந்தேதி, "சாதி, மதம் அற்றவர்" என்ற சர்டிபிகேட் கைக்கு வந்தது. அப்போது திருப்பத்தூர் வேலூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில்தான் தனி மாவட்டம் ஆயிற்று.

கிடைத்தது என்ன? போனது என்ன?

சாதியை விட்டால் இட ஒதுக்கீட்டையும் விட வேண்டும். படித்த வக்கீல் குடும்பம் அதைத் தாங்கும். தோல் ஊறும் தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவர் தம் பிள்ளையின் கல்லூரிச் சீட்டை விட்டுக் கொடுக்க முடியுமா? விட்டுக் கொடு என்று அவரிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சட்டத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று அண்ணா ஆட்சியில், 1967-ல் சட்டம் வந்தது. மாலை மாற்றினால் போதும், மோதிரம் மாற்றினாலும் போதும். ஆனால் அது இந்து திருமணச் சட்டத்தில் செய்த திருத்தம். ஆகவே சாமியே இல்லை என்று சொல்லி மாலை மாற்றுகிற மணமக்களும், சட்டத்தின் கண்ணில் இந்துக்கள்தான்! எந்த மதமும் பாராத கல்யாணம் வேண்டுமென்றால் 1954-ம் ஆண்டு தனித் திருமணச் சட்டப்படி, முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும்.

2011 ஜனத்தொகைக் கணக்கில், மதம் சொல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 28 லட்சத்து 67 ஆயிரம் பேர். இவர்கள் எல்லோரும் நாத்திகர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கேட்டதற்குப் பதில் சொல்லாதவர்களும் இதில் உண்டு.

சிநேகாவுக்குப் பிறகு வழி சுலபமாயிற்றா? இல்லை. அதே திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இன்னொருவர் இதே சர்டிபிகேட் கேட்டார். கொடுக்க அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது. அவர் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். முதலில் தனி நீதிபதி மனுவைத் தள்ளினார். அப்பீல் செய்தார். 2025 ஜூன் மாதம் இரண்டு நீதிபதிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். கேட்டவருக்குச் சர்டிபிகேட் கொடுக்கும்படியும், இனிமேல் கேட்பவர்களுக்கும் அதிகாரிகள் கொடுக்கும் வகையில் அரசாணை போடும்படியும் உத்தரவிட்டார்கள்.